மீன் குறி எட்டும் வரை

ஐப்பசி 14, வியாழன். தூறல்.

நெட்டை மாமா, இன்று ஊசி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஏழு மணி பஸ். கம்பியைப் பிடிக்க இடது கைதான். வலது கை தோளுக்கு மேல் ஏறாது, உனக்குத் தெரியும். நீ செத்த பிறகு இன்னும் மோசம். தலை வாருவதும் இடது கையால்.

கொண்டுபோனது: எக்ஸ்ரே, ஆதார், தண்ணீர் பாட்டில், உன் துண்டு.

புத்தூர் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முன்னாடி தோள் நழுவினது உண்டாம்மா?"

"பைக்லேருந்து விழுந்தப்பங்க. பத்து வருஷம் இருக்கும்."

"அந்த அடிதான். மூட்டு தேஞ்சிருக்கு."

"முப்பத்தி நாலு வயசுதாங்க ஆகுது."

"அதனாலதான் ஊசி. இப்பவே மூட்டை மாத்தினா அது உங்க ஆயுசுக்கும் தாங்காது. ஆனா இந்த ஊசி தேஞ்சதை வளர்க்காதும்மா. வலியை அடக்கும், அதுவும் கொஞ்ச மாசம். அதுக்குள்ள கையைப் பழக்கிடணும். அடிக்கடி போட மாட்டேன்."

டிவி மாதிரி ஒன்றில் பார்த்துக்கொண்டே ஊசியை மூட்டுக்குள் விட்டார். உன் துண்டைக் கடித்துக்கொண்டேன். கத்தவில்லை.

ஐப்பசி 15, வெள்ளி. நல்ல மழை.

தோள் நெருப்பு. நேற்றைவிட அதிகம். உன் தங்கச்சி மலர் வந்தாள். குடையை மடக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"கிழவிக்கு வர்ற நோவு உங்களுக்கு வந்திருக்கு அண்ணி. அண்ணன் இஸ்திரி வண்டி சும்மா நனையுது. கார்த்திகை வரைக்கும் பாப்பேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் எடுத்துக்குவாரு."

"பாரு."

வண்டி போனால் எனக்கு என்ன இருக்கிறது.

அவள் போனதும் ஒரு தப்பு செய்தேன். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, துண்டைச் சூடாகத் தேய்த்து, தோளில் வைத்தேன். தேய்க்கிறவளுக்குச் சூட்டை விட்டால் வேறு மருந்து தெரியுமா. வலி இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போன்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "தோளையும் தேய்ச்சு மடிச்சிடாதீங்கக்கா. ஐஸ் வைங்க. ரெண்டு மூணு நாள்ல அடங்கும். அடங்கலைன்னா, காய்ச்சல் வந்தா, உடனே வாங்க."

ஐப்பசி 18, திங்கள். வெயில்.

விழித்ததும் வலிக்கும் என்று காத்துக்கொண்டு படுத்திருந்தேன். வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் அசையவே பயம்.

பயிற்சி: சுவரைப் பார்த்து நின்று, விரலாலேயே எறும்பு மாதிரி மேலே ஏற வேண்டும். நம் வண்டி நிற்கும் சுவரில்தான் ஏறினேன். துணி மாறாமலிருக்க வீட்டுக்கு ஒரு குறி என்று நீ கரியால் போட்டது எல்லாம் அப்படியே. டீச்சர் வீட்டுக்கு ஏணி. மாமி வீட்டுக்குத் தாமரை. இன்று ஏணி வரை.

எல்லாவற்றுக்கும் மேலே, உன் உயரத்துக்கு, அந்த மீன். மீன் குறி போட்ட மூட்டை ஒருநாளும் வந்ததில்லை. யார் வீடு என்று கேட்டால், "உன் வலது கை எட்டட்டும்டி, சொல்றேன்" என்று சிரிப்பாய். அப்போதும் கோபம் வரும். இப்போதும்.

ஐப்பசி 28, வியாழன். மேகம்.

தாமரை தாண்டியாச்சு. எட்டிய இடத்தில் தினம் ஒரு கரிக்கோடு.

வண்டி திறந்தேன். சட்டை மட்டும். மாமி வாசலிலிருந்தே, "ஏண்டி செல்வி, தோள்லயே ஊசி போட்டுண்டியாமே? மலர்கிட்ட தேய்க்கக் குடுத்தேன், என் ஒன்பது கஜப் புடவை மூலைக்கு மூலை சேரலை. நீ வந்து மடி."

"கார்த்திகையில குடுங்க மாமி."

இரண்டு கையாலும் கொண்டை போட்டேன். காட்ட ஆளில்லை. அழுதேன். பிறகு சாப்பிட்டேன்.

வாங்க: கரி, ஊக்கு, வெங்காயம்.

கார்த்திகை 11, புதன். மழை விட்டு நல்ல வெயில்.

மாமியின் ஒன்பது கஜம் வந்தது. தேய்ப்பது இடுப்பு உயர வேலை. உதறி மடிக்கத்தான் தோள் வேண்டும். மலரும் வந்து எதிரே நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி உதறினேன். சடார் என்று சத்தம், நீ உதறுவாயே அதே சத்தம். புடவை தரையில் படவில்லை. மூலைக்கு மூலை சேர்ந்தது.

"வண்டி?" என்றேன்.

மலர் புடவையின் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். "அண்ணன் மடிச்ச மாதிரியே இருக்கு. நீங்களே வச்சுக்கோங்க அண்ணி." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "எங்க வீட்டு வேட்டியும் நாலு கிடக்கு, கொண்டாரேன்."

வலி திரும்பும் என்று டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. வரட்டும். இன்று வரவில்லை.

அவள் போனபின் சுவருக்குப் போனேன். ஏணி. தாமரை. நேற்றைய கோடு. இன்னும் மேலே. குதிகாலைத் தூக்கவில்லை, சத்தியம். மீனின் வால், வயிறு, கண். விரலெல்லாம் உன் கரி.

கை எட்டிவிட்டது மாமா. இப்போது சொல், மீன் யார் வீட்டுக் குறி?