தாத்தா வழியா, பாட்டி வழியா

இன்று காலை தெருமுனை இஸ்திரி வண்டியில் யாருடைய வெள்ளைச் சட்டையையோ கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சூட்டோடு எழுந்த அந்த வாசம் முகத்தில் பட்டதும் நின்றுவிட்டேன். சனிக்கிழமை மாலைகளில் நம் அடையாறு வீட்டு முன்னறை முழுக்க இதே வாசம்தான். மறுநாள் பிரசங்கத்துக்கான சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டு, கண்ணாடி முன் நின்று நீங்கள் பேசிப் பார்ப்பீர்கள். உங்களை நினைத்தால் இனி அழுகைதான் வரும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் முதலில் வந்தது கூச்சம். நடுத்தெருவில், இந்த வயதில், காது மடல் சுட்டது.

உங்களுக்கு வாரம் முழுக்க வங்கி வேலை. ஞாயிறானால் பெசன்ட் நகரில் நம் சின்னச் சபையின் பிரசங்க மேடை. மைக்கே தேவையில்லாத குரல் உங்களுக்கு. நானோ பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிணாமப் பாடம் நடத்துவேன்; ஞாயிறுதோறும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பேன். எனக்குள் இரண்டும் சண்டையில்லாமல்தான் இருந்தன. எப்படி என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றைப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று என் பக்கம் கையை நீட்டினீர்கள்.

“நம்ம வீட்டம்மா பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித்தர்றாங்க தெரியுமா? நாமெல்லாம் குரங்கு வழியில வந்தவங்களாம்! அம்மா, அது உங்க தாத்தா வழியா, பாட்டி வழியான்னு கேட்டேன். இன்னும் பதில் வரலை!”

சபையே சிரித்தது. என் மாணவிகள் இருவர் பாட்டுக் குழுவில் நின்றிருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். நான் வேதாகமத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு சாப்பாட்டின்போது நீங்களே ஆரம்பித்தீர்கள்: “சும்மா தமாஷுக்குச் சொன்னேன். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கலாமா?”

தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அந்த வாரம் ஊரூர் குப்பத்தில் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, நம் சபைக்கு வருகிறவர், வஞ்சிரத்தை வெட்டியபடியே கேட்டார்: “இன்னா டீச்சரம்மா, உங்க தாத்தாவுக்கு வால் கீதாமே?” மனதில் கள்ளமில்லாதவர். நானும் சிரித்துவைத்தேன். வகுப்பில் மனிதனின் தோற்றம் பற்றிய பகுதி வரும்போது என் குரல் தானாகத் தணிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். உங்களுக்கோ அந்தத் தமாஷ் பிடித்துப்போனது. பாலவாக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்திலும் சொன்னீர்கள். சமோசா தட்டோடு நான் வாசலிலேயே நின்றேன்.

இப்படியே சில வருடங்கள் போயின. சபைப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள்: விக்டோரியா மகாராணி காலத்துத் திருச்சபை பரிணாமக் கொள்கையை எப்படி எதிர்த்து நின்றது என்று. உற்சாகமாக நூலகத்துக்குப் போனீர்கள். முதல் நாள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டீர்கள்.

“ஏய், என் ஜோக்கை அந்தக் காலத்துலேயே ஒரு பிஷப் சொல்லியிருக்காராம்! விஞ்ஞானிங்க கூட்டத்துலேயே, எதிராளியைப் பார்த்து, தாத்தா வழியா பாட்டி வழியான்னு!”

நான் காபி கலக்கப் போனேன்.

அடுத்தடுத்த வாரங்களில் உங்கள் சத்தம் குறைந்தது. அந்த பிஷப் சரியாக என்ன சொன்னார் என்று அங்கே இருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்கள். இன்னொரு நாள், சோற்றைப் பிசைந்தபடியே, “எதிர்த்தவங்க பூரா பாதிரியாருங்கன்னு நெனச்சேன். பெரிய பெரிய விஞ்ஞானிங்களே ஒத்துக்கலையாம். பூமிக்கு அவ்வளவு வயசே கிடையாதுன்னு ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கார். இந்தப் பக்கம் பார்த்தா, ஒரு கிராமத்துப் பாதிரியார், தன்னைத்தானே வளர்த்துக்கிற உயிரைப் படைச்ச கடவுள் எந்த விதத்துல சின்னவர்னு கேட்டு எழுதியிருக்கார்” என்றீர்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. சட்டை தேய்த்து வந்திருந்தது. நீங்கள் கண்ணாடி முன் போகவில்லை.

“அந்தக் கொள்கையை எழுதின தாடிக்காரர் இருக்காரே, அவரோட சம்சாரம் ரொம்ப பக்தியாம். புருஷனுக்கு நம்பிக்கை போயிட்டா மறுமையில ரெண்டு பேரும் பிரிஞ்சிடுவோமேன்னு பயம். அதை அவருக்கு மட்டும் எழுதிக் குடுத்திருக்காங்க. அந்த லெட்டரை வெச்சுக்கிட்டு அவர் எத்தனையோ தடவை அழுதிருக்கார்.” நாற்காலியில் கிடந்த சட்டையின் காலரை நீவிவிட்டீர்கள். “அந்தம்மா அவரை யார் முன்னாடியும் கேலி பண்ணலை.”

உங்கள் கண்களைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் பாலே இல்லை.

மறுநாள் மேடையேறியதும் குறிப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தீர்கள். “இந்த இடத்துல நின்னு என் மனைவியை வெச்சு உங்களைச் சிரிக்க வெச்சேன். படிக்காம பேசினேன். அது பாவம். அவங்க கிட்ட மன்னிப்புக் கேட்கிறேன்.” யாரோ இருமினார்கள். மூப்பர் ஒருவர் எழுந்து வெளியே போனார். நீங்கள் இறங்கி, பிரசங்கியார் நாற்காலியைத் தாண்டி, பெண்கள் பக்கம் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். “கொஞ்சம் தள்ளிக்கோ.”

உங்களுக்கு நான் சொல்லாத ஒன்று: நீங்கள் முதலில் கேலி செய்த நாளைவிட அன்றுதான் அதிகம் கூசிப்போனேன். முன்பு சிரித்த அதே முகங்கள் இப்போது பரிதாபத்தோடு திரும்பிப் பார்த்தன. உங்கள் தோள் என் தோளில் பட்டது. நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். “இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே!”

“சபையிலதானே அவமானப்படுத்தினேன்?”

“மறுபடியும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. எனக்குச் சொன்னீங்களா, சபைக்குச் சொன்னீங்களா?”

நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துச் சமையலறை வாசலில் உங்கள் நிழல் விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் மறந்த பையனைப் போலத் தரையைப் பார்த்தபடி, “தப்புப் பண்ணிட்டேன்மா” என்றீர்கள். பக்கத்து அறையில் இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காது.

கட்டுரை அச்சாகவில்லை. பிரசங்க முறைப்பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்தார்கள். அதற்கப்புறம், மாரடைப்பு வந்து உங்களைக் கொண்டுபோகும்வரை, ஞாயிறுதோறும் பெண்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தீர்கள். நான் ஒதுங்குவதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை.

அவமானம் முழுக்கப் போய்விடவில்லை. யாராவது எதற்காவது சிரித்தால் இன்னும் என்னைத்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். போன வாரம் அந்தப் பாடம் வந்தது. வழக்கமான இடத்தில் குரல் இறங்கியது, கடைசி பெஞ்சில் ஒருத்தி, “மிஸ், கேட்கலை” என்றாள். சமையலறை வாசலில் சத்தம் எழாமல் நின்ற உங்களை நினைத்துக்கொண்டேன். அந்த வரியை முதலிலிருந்து, உரக்க வாசித்தேன்.