இரண்டாம் முறை ஓடிய மிக்ஸி

பிரஷருக்குத் தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்படி உட்கார்ந்தபடியேதான் கோவிந்தராசு, "மனுசன நிம்மதியா இருக்க வுட மாட்டியா?" என்று மனைவியிடம் கத்தினான். இரண்டாவது தடவையாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை அமுதவள்ளி நிறுத்திவிட்டு, சாப்பிடாமலே தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

செராமிக் கம்பெனிக்குக் கிளம்பியவன் டிபன் பாக்ஸில் இருந்த சட்னியைத் தொட்டு நக்கினான். உப்பே இல்லை. அடுப்பு மேடையில் உப்புப் போட்ட சட்னி தனியாக இருந்தது. கூசிப்போய், காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்:

"அமுதா, சாவி மீட்டர் பொட்டி மேல இருக்குது. மத்தியானம் கேஸ் வரும். எனக்குத் தனியா அரைக்கத்தான் நீ ரெண்டாவது வாட்டி மிக்ஸி போட்டன்னு இப்பதான் தெரிஞ்சுது. சூளைகிட்ட நிக்கிறப்பகூட நான் இப்படிக் கத்துனதில்ல. வந்து சாப்புடு."

அடியில் இடுக்கி எழுதினான்: "நாளைக்கு நீ பாட்டுக்கு மிக்ஸி போடு. கண்ணோட சேத்து வாயையும் மூடிக்கிறேன்."