உதிர்ந்த பன்னீர் திராட்சை

ஐப்பசி, வெள்ளி இரவு

குமுளி மலைப்பாதை இன்னும் கண்ணுக்குள் வளைந்துகொண்டே இருக்கிறது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாமல், மதுரையில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை இன்று மெக்கானிக்கை வைத்து என் ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டினேன். பழையதைவிட நல்ல விறைப்பு. எந்த வளைவிலும் வண்டி சாயவே இல்லை; நான்தான் மிதந்தேன்.

அதே மிதப்பில், வழக்கம்போல் சுருளிப்பட்டித் தோட்டத்துப் பன்னீர் திராட்சைப் பெட்டியை டிக்கியில் ஏற்றி வந்தேன். மனைவி பெட்டியைத் திறந்தாள். பாதிப் பழம் காம்பைவிட்டு உதிர்ந்து கிடந்தது.

"ரோட்டுக் குழியெல்லாம் பழத்துலதான் இறங்கியிருக்கு," என்றாள். பிறகு நிறைமாத வயிற்றில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்கு என்னையும் இந்த வண்டியிலதான கூட்டிட்டுப் போவீக?"

கண்ணை மூடினால் அந்த வளைவுகள்தான் வருகின்றன. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை மெக்கானிக் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.