பக்கப் பலகை இல்லாத லொறி

நானுஓயா,
1953 ஜூன் 14, ஞாயிறு.

அன்பு மகன் றோலண்டுக்கு,

அம்மா சுகம். சிங்கப்பூர் வெயிலில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டுமென்று காலைப் பூசையில் மன்றாடிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்தவேண்டும். நம் லொறிக்குப் பக்கப் பலகை போடாமல் விட்டது நான் மரத்துக்குக் கஞ்சத்தனம் பார்த்ததால் என்று உன் சித்தப்பா மகள் டோரீன் ஹற்றனில் சொல்லித் திரிகிறாளாம், உனக்கும் எழுதியிருப்பாள். அது பொய். மரம் வேண்டிய மட்டும் இருந்தது, மிஞ்சியது போன வெள்ளிவரை கொட்டிலில் கிடந்தது. உண்மை அதைவிடக் கேவலமானது, அதை அவள் சொல்லி நீ அறியக்கூடாது, நானே சொல்லவேண்டும்.

உன் பட்டறையிலிருந்து நீ போட்டு அனுப்பிய படத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. பழைய இராணுவ லொறியின் பின்கூட்டைக் கழற்றிவிட்டு மரக்கறி மூட்டை அடுக்க ஒரு பலகைத் தட்டு, அதைச் சுற்றி இடுப்பளவு பக்கப் பலகை, தட்டுக்குக் கீழே இருபக்கமும் மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, ஜாக்கி வைக்கப் பெட்டிகள், ஏறுகிறவர்கள் கால் வைக்கும்படி அவற்றுக்குத் தட்டையான மூடி. நான் அந்தப் படத்தைத் தச்சன் ஆண்டியப்பனுக்குக் காட்டவே இல்லை. பக்கப் பலகை வேண்டாம், மூடி சரிவாக இருக்கட்டும் என்று வாயால் சொன்னேன். "ஏங்கம்மா, சரிவா வச்சா கால் வழுக்குமே, ஆளுக எப்புடி ஏறுவாங்க?" என்று கேட்டான். றோலண்டு தம்பி அனுப்பிய படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். எந்த லொறி டவுனுக்குப் போனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டச் சனம் கேட்காமலே ஏறிக்கொள்வது இங்கே வழக்கம், உனக்குத் தெரியும். கண்டாக்கையா என்று தோட்டமே மதிக்கும் உன் அப்பாவின் வீட்டு லொறியில் அந்தக் கூட்டமும் வெற்றிலை எச்சிலும் வேண்டாம் என்று நினைத்தேன். ஆள் ஏறமுடியாத வண்டியாகவே செய்துவிட்டால் ஒருவர் முகத்தைப் பார்த்தும் இல்லை என்று சொல்லவேண்டியதில்லையே என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை மழையில் பேச்சியம்மா, உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அதே பேச்சியம்மா, கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு ஹற்றனுக்குப் போயிருந்தது. அவள் மகன் அழகுமுத்துவும் இன்னும் சிலரும் அவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார்கள். பக்கப் பலகை இல்லாத லொறியில் ஆள் ஏற்றக்கூடாது, விழுந்தால் யார் பொறுப்பு என்றேன். எப்போதோ தயாராக வைத்திருந்த பதில், யார் கிடக்கிறார்கள் என்று பார்க்குமுன் வாயிலிருந்து வந்துவிட்டது. அழகுமுத்து கோபப்படவில்லை. "அதுக்கென்னங்கம்மா, நாங்களே பலகையா உக்காந்துக்கிறோம்" என்றான். லீக்ஸ் மூட்டைகளை இறக்கினார்கள், அந்தச் சரிவு மூடியில் ஒருவரையொருவர் பிடித்து ஏறும்போது அழகுமுத்து சறுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டான், பிறகு அவளை நடுவில் கிடத்திச் சுற்றிலும் விளிம்பில் கை கோர்த்து உட்கார்ந்தார்கள். நான் டிரைவர் சிவசாமிக்குப் பக்கத்தில் நனையாமல் உட்கார்ந்திருந்தேன். நுவரெலியா போய்ச் சேரும்வரை பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நனைந்த முதுகுகள்தான் தெரிந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம றோலண்டு தம்பி படம் போட்ட வண்டியாமேம்மா, யாரும் ஏறக்கூடாதுன்னே செஞ்சிருக்குன்னு இந்தப் பயலுக லயத்துல திட்டுறானுக. புள்ள தூரத்துல இருக்கு, நம்ம ரோட்டெல்லாம் மறந்துருக்கும், திட்டாதீங்கடான்னேன்" என்றாள். உன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த வலியிலும் அவள் உனக்காகப் பேசினாள், உன்னைப் பெற்ற நான் தலையை ஆட்டிவிட்டு நின்றேன்.

மறுநாள் ஆண்டியப்பனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். விரலால் அளந்து பார்த்துவிட்டு, "தம்பி சரியாத்தாம்மா போட்டிருக்கு" என்று மட்டும் சொல்லி, கொட்டிலுக்குப் போய் மிஞ்சிய மரத்தை எடுத்துவந்தான். பக்கப் பலகை ஏறிவிட்டது, மூடிகளை நாளை மாற்றுகிறான். தப்பு உன் படத்தில் இல்லை என்று லயத்துக்கு அவன் சொல்லிவிடுவான். பேச்சியம்மாவுக்கு நான்தான் சொல்லவேண்டும். வெள்ளியும் சனியும் சூப் கொண்டுபோனேன், இரண்டு நாளும் சொல்லாமலே திரும்பினேன். அவள் எழுந்து நடப்பாளா என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்வதாக இருக்கிறேன், ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். படத்தில் பக்கப் பலகை இருந்தது என்று பேச்சியம்மாவுக்கு நீ ஒரு கடிதம் எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் பக்கத்தில் இருந்து உரக்க வாசிக்கவேண்டும், அதற்காகவே கேட்கிறேன். போன கடிதத்தில் திகதி போட மறந்துவிட்டாய், இம்முறை மறக்காதே. மழையில் நனைந்தால் உடனே தலையைத் துவட்டு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசியும் உனக்கு உண்டு. என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுது. டோரீன் மூலம் சொல்லி அனுப்பாதே. உன் கையாலேயே எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா,
பெற்றீசியா பத்திநாதன்