தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஒரு தீயணைப்பு வண்டி

மார்ச் 11

சிப்பி விற்கும் கொட்டகையில் இன்றும் அதே பேச்சு. எங்கள் தீவின் தீயணைப்பு நிலையத்தில் மூன்று பேர்தான் மிச்சம். நாலு பேர் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் இன்னொரு ஆள் பரீட்சையில் தேறாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். பெரிய ஓதத்தில் கடல் ஏறினால் அக்கரைக்குப் போக எங்களுக்கிருக்கும் ஒரே சாலையும் முழுகிவிடும். அக்கரையிலிருந்து எந்த வண்டி வரும்? "மாசத்துல சில மணி நேரம்தானே முழுகுது" என்றாராம் மேலதிகாரி. அந்த நேரம் நெருப்புக்கு லீவு விட்டிருக்கிறாரோ?

பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12

கிளைவ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அம்பத்தொரு வயசுல ஏணி ஏறப் போறியா? அலமாரி மேல இருக்கற ஜாம் பாட்டிலையே நான்தானே எடுத்துத் தரேன்!"

உண்மைதான். உயரம் என்றாலே எனக்குப் பயம். அதைப் புருஷன் சொல்லிக் காட்டினால் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 19

நிலையத் தலைவர் டெஸ்மண்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பாதி ஏறி இறங்கிவிட்டேன்.

"கீழ பாக்காத, ரோஸ்."

"கீழ எங்க பாத்தேன்? மேல பாத்தாத்தான் பயமா இருக்கு."

மார்ச் 24

உச்சியைத் தொட்டேன். இறங்கி வந்து வாந்தி. பரவாயில்லை, நாளைக்கும் ஏறுவேன்.

ஏப்ரல் 3

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று அக்கரையில் ஏணிப் பரீட்சை. போன ஞாயிறு கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினேன். ஆனால் கடல் ஏறும் நேரம் அச்சடித்த அட்டவணை பழைய நேரத்திலேயேதான் இருக்கும், ஒரு மணி கூட்டிப் பார்க்க வேண்டும் — மறந்தே போனேன். பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கும் மடச்சி! சாலை இறங்கும் இடத்துக்குப் போனால் ஓரக் கம்பங்கள் பாதிவரை தண்ணீர்.

தேர்வாளர் ப்ரெஸ்காட் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அழுகை முட்டியது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "என் தப்புதாங்க. ஆனா இப்ப என் வீடு பத்திக்கிச்சுன்னா உங்க வண்டி எப்படி வரும்? தண்ணி ஓரத்துக்கு வந்து நின்னு பாருங்க!"

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அங்க ஏணி இருக்கா?"

தண்ணீர் வடிந்ததும் வந்தார். சக்கரமெல்லாம் சேறு. ஏறினேன்.

ஏப்ரல் 4

தேறிவிட்டேன்! நிலையத்தை மூடப்போவதில்லை. கிளைவ் "ம்" என்றதோடு சரி.

செப்டம்பர் 20

பயிற்சியெல்லாம் முடிந்து, தீ என்றால் கூப்பிடும் பேஜர் கைக்கு வந்தது நேற்றுத்தான். இன்று காலை டீயை வாயில் வைக்குமுன் கத்திவிட்டது. மேட்டுப் பண்ணையில் வைக்கோல் கொட்டகை எரிகிறது, சாலையோ முழுகிக் கிடக்கிறது. ஓடினேன். எப்போதும் சுவரைப் பார்த்து நிறுத்தும் கார் தெருவைப் பார்த்து நின்றது. சாவியும் அதிலேயே.

கொட்டகை போய்விட்டது. வீடும் மாடுகளும் தப்பின.

திரும்பி வந்து, காரைத் திருப்பியது யார் என்று கேட்டேன்.

"நீ ரிவர்ஸ் எடுத்தா வேலி போயிடும்" என்றார் கிளைவ், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.