தாலி மறைத்த படம்

எங்கே இருந்தாலும் நான் கூப்பிட்டால் "என்னங்க" என்று திரும்பிப் பார்க்கும் என் தனத்துக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே எழுதவில்லை. சோறு நானே ஆக்கிக்கொள்கிறேன், ரசம்தான் இன்னும் கைக்கு வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எப்போதும்போல ஏதாவது ஒரு ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சன்னலில் நின்று அவர்களைத் திட்டுவாயே, அந்த வேலையையும் இப்போது நான்தான் பார்க்கிறேன்.

உன்மேல் கோபமாக இருந்தேன் தனம். செத்துப்போனவள்மேல் என்ன கோபம் என்று கேட்பாய். உன்னைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே, பூச்சோங்கிலிருந்து வந்த உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரில தாலியக் கழட்டியிருந்தா டாக்டருக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கும் அத்தான். ஏதோ ஒரு அடைப்ப அது மறைச்சிருச்சு" என்றாள். அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. நான் கட்டிய தாலியே உனக்கு எமனாகிவிட்டதா?

உனக்கு இருதயத்தில் குழாய் விட்ட அந்த நாளை நினைத்துக்கொண்டே இருந்தேன். படம் பிடிக்கிற அறையின் வாசலில் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி தாலிச் சங்கிலியைக் காட்டி, "ஆன்டி, புக்கா யா" என்றாள். கழற்றுங்கள் என்று அவ்வளவு அன்பாகத்தான் கேட்டாள். நீயும் மலாயிலேயே முடியாது என்றாய், என் புருஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்றாய். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கழட்டிக் குடு லா தனம். வெளிய வந்ததும் நானே கட்டிவிடறேன்" என்றேன்.

"கட்டுனது ஒரு தடவதான். சும்மா இருங்க" என்றாய். கடைசியில் அந்தப் பெண்தான் விட்டுக்கொடுத்தாள். தாலியை இடது தோள் பக்கம் ஒதுக்கிப் பிளாஸ்டர் ஒட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சில மாதம் நன்றாகத்தானே நடமாடினாய்? ஒரு காலையில் தேநீர் ஆறிப்போகிறதே என்று எழுப்ப வந்தேன். நீ எழுந்திருக்கவில்லை.

பிடிவாதத்தாலேயே போய்ச் சேர்ந்தாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கோயிலில் சொன்னேன், சாப்பாட்டுக் கடையில் சொன்னேன். உயிரைவிட உனக்குத் தாலி பெரிதாகப் போய்விட்டது, என்னோடு இன்னும் கொஞ்ச காலம் இருப்பதைவிடவும் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அதுதான் என்னைத் தின்றது.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது, மகனின் கல்யாண சிடிகளோடு உன் இருதயப் படத்தின் சிடியும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை நீதான் அங்கே வைத்திருப்பாய். மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கவிதா, வேறோர் ஆஸ்பத்திரியில் இதே படம் எடுக்கிற வேலை செய்கிறாள். எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். "இதுல தாலி எதையாவது மறைச்சிருக்கான்னு பாத்துச் சொல்லும்மா. பொய் சொல்லாம சொல்லு" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரில் போட்டாள். திரையில் சாம்பல் நிறமாக விலா எலும்புகள் தெரிந்தன. நடுவில் ஒரு நிழல் துடித்துக்கொண்டிருந்தது. "இதான் அங்கிள், ஆன்டியோட இருதயம்" என்றாள். உன் சாம்பலைக் கிள்ளான் கடலில் கரைத்தவன் நான். இங்கே நீ துடித்துக்கொண்டிருந்தாய். நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வலது மணிக்கட்டு வழியாக விட்ட நூல் மாதிரியான குழாய், தோளைத் தாண்டி வளைந்து இறங்கி, இருதயத்தின் வாசலில் வந்து நின்றது. "டாக்டர் கையப் பாக்கமாட்டாங்க அங்கிள், கண்ணு முழுக்க ஸ்கிரீன்லதான் இருக்கும். மருந்து விட்டாத்தான் ரத்தக்குழாய் தெரியும், அதுவும் ரெண்டு மூணு துடிப்புக்குத்தான்" என்றாள் கவிதா. குழாயின் நுனியிலிருந்து கறுப்பாக மருந்து பரவியது. கிளை கிளையாக ரத்தக்குழாய்கள் தோன்றி மறைந்தன. அவற்றின்மேல் குறுக்காக, கன்னங்கரேலென்று தாலி கிடந்தது.

"பாத்தியா, மறைக்குதுல்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பிளாஸ்டர் கழண்டிருக்கும் அங்கிள். பொறுங்க லா, அடுத்ததப் பாருங்க."

அடுத்த படத்தில் நடுவில் தாலி இல்லை, மேலே ஓரத்துக்குப் போயிருந்தது. ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிந்தன. கவிதா ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். "இதுதான் அடைப்பு. இங்கதான் கம்பிவலை வெச்சு விரிச்சிருக்காங்க. அப்புறம் எடுத்த எதுலயும் ஒண்ணும் மறையல அங்கிள்."

"அப்ப ஏன் போனா?"

"சில பேருக்குப் பின்னாடி புதுசா ஒரு எடத்துல ரத்தம் கட்டிக்கும். அன்னைக்கு இல்லாதத யாரு பாத்திருக்க முடியும்?"

அப்போதுதான் அந்த ஓரத்தைக் கவனித்தேன். தாலிக்குப் பக்கத்தில் மெலிந்த எலும்புகள் சில தெரிந்தன. இது என்னம்மா என்றேன். கவிதா கிட்டப் போய்ப் பார்த்தாள். "விரல் அங்கிள். கைய உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லுவோம். யாரோ புடிச்சிருக்காங்க..."

யாரோ இல்லை. மாவரைக்கிற மெஷினில் மாட்டி வளைந்துபோன உன் சுண்டுவிரல் எனக்குத் தெரியாதா? இடது கையால் நீயேதான் தாலியைத் தோள்வரை இழுத்துப் பிடித்திருந்தாய். அடுத்த படத்திலும் அந்த விரல்கள் இருந்தன, அதற்கடுத்ததிலும் இருந்தன. கம்பிவலை வைத்து முடிக்கும்வரை நீ விடவே இல்லை. பிழைக்க வேண்டும் என்று உனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது தனம். அதுகூடத் தெரியாமல் கோபித்துக்கொண்டேனே.

அன்று சாயங்காலம் வார்டில் இடது கை கடுக்கிறது, கொஞ்சம் பிடித்துவிடுங்கள் என்றாய். "வலது கைல குழாய் விட்டா இடது கை எப்படிடி வலிக்கும்?" என்று சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். நீயும் சிரித்தாய். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை சிடியோடு பூச்சோங் போகிறேன், சண்டைக்கு அல்ல. உன் தங்கையிடமும், கோயிலிலும், கடையிலும், யார் யாரிடம் உன்னைப் பிடிவாதக்காரி என்றேனோ அவர்கள் எல்லாரிடமும் உன் விரலைப் பற்றிச் சொல்வேன். இது சத்தியம்.

கேட்டபோது உன் கையைப் பிடித்துவிடாத,
உன் வீட்டுக்காரன்
சுப்பையா