மண்டிக் கம்பெனிப் பணமும் தீர்த்தகிரியின் கால்களும்

அதியமான்கோட்டை
பார்த்திப வருஷம், தை மாதம்

மகன் நஞ்சப்பனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், புனாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கம்பளி இல்லாமல் விடியலில் வேலைக்குப் போகாதே. கொள்ளு அறுத்தாயிற்று, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினோம். இருந்தவர்கள் மாதர் சங்கத்துக் கணக்கு எழுதுகிற நான், சங்கத்துக் குள்ளம்மாள், ஜானகியம்மாள், பர்மா சண்டையில் இரண்டு காலும் போய்த் திரும்பிய தீர்த்தகிரி, அவன் பெண்டாட்டி செல்லி, தானிய மண்டிக் கம்பெனி ஏஜெண்டு, அவ்வளவு பேர்தான். அடிபட்டு வந்த சிப்பாய்களுக்காக நாங்கள் வீடு வீடாகப் பிடியரிசி சேர்ப்பது உனக்குத் தெரியும், அதில் கஞ்சி ஊற்றலாம், கட்டைக்கால் வாங்க முடியாது. ஏஜெண்டு, கால் வைக்கிற செலவு முழுவதும் கம்பெனி கொடுக்கும், நன்கொடை என்று ஒரு ரசீது மட்டும் போதும் என்றார். பஞ்சத்தில் கேழ்வரகைப் பூட்டி வைத்துக்கொண்டு இல்லையென்று சொன்ன கம்பெனி அது. தீர்த்தகிரியின் ஆத்தா அந்த வாசலில் வெறும் கூடையோடு நின்று திரும்பியவள், மகன் வருவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

குள்ளம்மாள், உண்டியல்ல போடறவன் கையை மோந்தா பாக்கறோம், வாங்கிப் போடுங்க என்றாள். ஜானகியம்மாள், அந்தக் காசில் நடந்தால் செத்தவள் வயிறு எரியும் என்றாள். தீர்த்தகிரி தலையை நிமிர்த்தவில்லை. செல்லிதான், ரோசம் பேச உங்களுக்குப் பொழுதிருக்குதுங்க, இவரை வெளிக்குத் தூக்கிப் போறது நானுங்க என்றாள். பிறகு மனதில் பட்டதைச் சொன்னேன். நம் ஊரில் தானியம் திருடினவன் சபை முன் விழுந்து கும்பிட்டுத் தண்டம் கட்டினால் அந்தப் பணத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. கம்பெனி முதலாளியும் அப்படிச் சபை முன் வந்து நிற்கட்டும், தண்டம் என்றே வரவு எழுதுகிறேன், நன்கொடை என்று என் கை எழுதாது என்றேன். ஏஜெண்டு துண்டை உதறிக்கொண்டு, கேக்கறது பிச்சை, இதுல அதட்டல் வேற என்று போய்விட்டார். அப்போதுதான் தீர்த்தகிரி வாய் திறந்தான். அவன் வந்து நின்னா வாங்கிக்கறேன் அக்கா, வரலைன்னா தவழ்ந்துக்கறேன் என்றான். செல்லி அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

முதலாளி வருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. நான் சொன்னது நியாயம்தான், ஆனால் அதைச் சுமப்பது அவள் முதுகு. புனாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கட்டைக்கால் வைக்கிறார்களாமே, பட்டாளத்தை விட்டு வந்தவனையும் சேர்ப்பார்களா, என்ன காகிதம் வேண்டும் என்று நேரில் போய்க் கேள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், விபூதி மறக்காதே. அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். விசாரித்துச் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
ராஜாமணி